நின்றால் கூச்சல், கசிந்தால் மௌனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரிசக்தியை அதிகம் தின்கிற தொழிற்சாலைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஹைட்ரஜனில் ஓடப்போகும் இரும்பு உலைகள், மின்சாரத்தில் சூடேறும் சூளைகள், புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து எடுக்கும் ஏற்பாடுகள் என்று எல்லாவற்றையும் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்குள், இந்த நிமிடம், சூடும் மின்சாரமும் எந்த வழியாக வீணாகின்றன என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. காகித ஆலையில் பாய்லர் பக்கம் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். முதல் 11 வருடம் ஷிப்ட்டில் இருந்தேன். அப்புறம் ஆலை முழுவதற்கும் ஸ்டீம் போகிற பொறுப்பு என்னிடம் வந்தது. கட்டுரையில் விடுபட்டுப்போன அந்தப் பகுதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஸ்டீம் டிராப் என்ற சின்னப் பொருளிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஈரக் காகிதத்தை உலர்த்த, உள்ளே ஸ்டீம் ஓடும் பெரிய இரும்பு உருளைகள் வரிசையாக இருக்கும். ஸ்டீம் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராக மாறும். அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, ஸ்டீமை வெளியே விடாமல் பிடித்துவைப்பதுதான் டிராப்பின் வேலை. எங்கள் மெஷின் பழையது, ஒவ்வொரு உருளைக்கும் தனி டிராப். இது இரண்டு விதமாகக் கெட்டுப்போகும். அடைத்துக்கொண்டால் உருளைக்குள் தண்ணீர் நிறையும், சூடு குறையும், காகிதம் ஈரமாக வரும், நடுவில் அறுந்து போகும். உடனே கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும். அரை மணி நேரத்துக்குள் ஃபிட்டர் ஸ்பானரோடு அங்கே நிற்பார். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் கதை வேறு. காகிதம் நன்றாகவே உலரும். ஸ்டீம் மட்டும் டிராப்பைத் தாண்டி நேராக ஓடி, அந்தத் தண்ணீர் திரும்பி வந்து சேரும் கண்டென்சேட் டேங்கின் மேலே இருக்கிற குழாய் வழியாக வெள்ளை மேகமாகப் போய்க்கொண்டே இருக்கும். யாரும் போன் செய்ய மாட்டார்கள். ஒரு மாதம், ஆறு மாதம், மூன்று வருடம்கூட அப்படியே போகும்.

நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான். உற்பத்தியை நிறுத்துகிற பழுதை ஆலை ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடும். எரிபொருளை மட்டும் தின்கிற பழுது வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஏனென்றால் முதல் பழுது கூச்சல் போடுகிறது, இரண்டாவது போடுவதில்லை.

பொறுப்பு என் கைக்கு வந்த முதல் வருடத்தில், நானும் ஒரு ஃபிட்டரும் எல்லா டிராப்களையும் ஒன்றுவிடாமல் சோதித்தோம். அப்போது எங்களிடம் அல்ட்ராசோனிக் கருவி எதுவும் கிடையாது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டிராப்பின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்போடு அழுத்திக் கேட்க வேண்டும். நல்ல டிராப் மூச்சு விடுவது போல இருக்கும். கொஞ்ச நேரம் அமைதி, ஒரு ‘டக்’, தண்ணீர் குடுகுடுவென்று ஓடும் சத்தம், மறுபடி அமைதி. கெட்டது விடாமல் சீறிக்கொண்டே இருக்கும். பிடிபட்ட பிறகு அந்தச் சீற்றத்தைக் காது மறக்கவே மறக்காது. மொத்தம் 186 டிராப். அதில் 43 சீறின. பல வருடங்களாக யாரும் கவனிக்காத ஆலைகளில் டிராப்களில் 15 முதல் 30 சதவீதம்வரை கெட்டுப்போயிருக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எங்களுடையதும் அதற்குள்தான் இருந்தது. ஆனாலும் அந்த 43 என்ற எண்ணை நோட்டில் எழுதியபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அதற்கு முந்தைய வருடங்களில் நான் ஷிப்ட்டில் நின்று, ஸ்டீம் போதவில்லை, ஸ்டீம் போதவில்லை என்று பாய்லரில் எரிபொருளைக் கொட்டிக்கொண்டிருந்தேனே, அதில் எவ்வளவு இந்த ஓட்டைகளுக்குப் போயிருக்கும்!

பாய்லரிலும் இதே நியாயம்தான். எரிபொருள் எரியக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் முழுதாக எரியாது, கரும்புகை வரும், கார்பன் மோனாக்சைடு வரும், அது ஆபத்து. காற்று கூடினாலோ ஒன்றும் தெரியாது. தேவைக்கு மேல் உள்ளே போகிற காற்றையும் சுடவைத்து, அந்தச் சூட்டோடு புகைபோக்கி வழியே வானத்துக்கு அனுப்புகிறோம், அவ்வளவுதான். நான் சேர்ந்த புதிதில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் காற்றைக் கூட்டிக் குறைக்கிற கதவான டேம்பரை எப்போதும் தாராளமாகத் திறந்தே வைத்திருப்பார். ஏன் அண்ணே என்று கேட்டேன். “தம்பி, கறுப்பா புகை வந்தா மேனேஜர்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் கேப்பாங்க. சூடு போனா யாருக்கும் தெரியாது” என்றார். அவர் சோம்பேறி இல்லை, தொழிலில் கெட்டிக்காரர். கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தைப் பார்த்து வேலை செய்தார்.

பிற்பாடு புகையில் ஆக்சிஜன் அளக்கும் கருவி வந்தபோது அது 9 சதவீதம் காட்டியது. கணக்குப் போடுவது சுலபம். அளந்த ஆக்சிஜனை, 21-லிருந்து அதைக் கழித்தால் வருகிற எண்ணால் வகுத்தால் போதும். 9-ஐ 12-ஆல் வகுத்தால், தேவைக்கு மேல் 75 சதவீதம் காற்று. எரிவாயுவோ எண்ணெயோ எரிகிற பாய்லரில் ஆக்சிஜன் 3 சதவீதம் வாக்கில் இருந்தால் போதும். எங்கள் பாய்லர் நிலக்கரியில் ஓடியது, அதற்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், ஆனால் இவ்வளவு வேண்டாம். இரண்டு மாதம் டேம்பரை இம்மி இம்மியாக மூடி, கார்பன் மோனாக்சைடு ஏறாமல் பார்த்துக்கொண்டு, 5-க்குக் கொண்டுவந்தோம். புதிதாக எந்த இயந்திரமும் வாங்கவில்லை. கூடவே, வெளியே போகும் புகையின் சூட்டில் பாய்லர் தண்ணீரைச் சூடேற்றும் எக்கனாமைசர் குழாய்களில் படிந்திருந்த சாம்பலைச் சுத்தம் செய்ததும் புகையின் சூடு இறங்கியது. புகைபோக்கியில் 20 டிகிரிக்குச் சற்று மேலே சூடு குறைந்தால் எரிபொருளில் ஏறத்தாழ 1 சதவீதம் மிச்சம் என்பது பாய்லர்காரர்களின் கைக்கணக்கு.

‘எப்பவும் இப்படித்தான் ஓட்டுவோம்’ என்பதை மீறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இரும்புத் தொழிலின் பழைய சரித்திரத்தில் ஒரு கதை இருக்கிறது. 1828-ல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் போமான்ட் நீல்சன் என்பவர் ஊதுலைக்குள் போகும் காற்றை முன்கூட்டியே சுடவைத்து அனுப்பும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் இரும்புத் தொழிலைச் சேர்ந்தவரே அல்ல, எரிவாயு ஆலையில் வேலை பார்த்தவர். உலைக்காரர்களோ காற்று எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் உலை நன்றாக ஓடுவதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். குளிர்காலக் காற்றில் ஈரம் குறைவு என்பதுதான் அதற்கு உண்மையான காரணம். அவர்கள் பார்த்தது சரி, அதற்குச் சொன்ன காரணம் தவறு. சூடான காற்றை விட்டுப் பார்த்தபோது, அடுத்த சில வருடங்களுக்குள் ஒரு டன் இரும்புக்கு ஆகும் நிலக்கரி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோனது. 1856-ல் ஃபிரெடரிக் சீமென்ஸ் உலையிலிருந்து வெளியே போகும் புகையின் சூட்டைச் செங்கல் அடுக்கில் பிடித்துவைத்து, உள்ளே வரும் காற்றுக்கே திருப்பிக் கொடுக்கும் உலைக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடி உருக்கும் உலைகளில் அந்த யோசனை இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. வெளியே போகிற சூட்டை உள்ளே வருவதற்குக் கொடுப்பது என்பது ஒன்றே முக்கால் நூற்றாண்டுப் பழைய பாடம். அதை இன்னும் முழுதாகச் செய்து முடிக்காத ஆலைகள் எத்தனையோ.

என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்றைச் சொல்கிறேன், வாசகர்கள் பென்சில் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். காகிதக் கூழ் சல்லடையில் படிந்து, ரோலர்களுக்கு நடுவே பிழியப்பட்டு, அப்புறம்தான் ஸ்டீம் உருளைகளுக்கு வரும். பிழிந்த பிறகு அதில் நார் 40 சதவீதம், தண்ணீர் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஒரு கிலோ நாருக்கு ஒன்றரைக் கிலோ தண்ணீர். இன்னும் கொஞ்சம் நன்றாகப் பிழிந்து நாரை 41 சதவீதமாக ஆக்கினால், ஒரு கிலோ நாருக்குத் தண்ணீர் 1.44 கிலோதான். பார்க்க ஒரு சதவீதம் கூடியது போலத்தான் இருக்கும், ஆனால் ஆவியாக்க வேண்டிய தண்ணீரில் ஏறத்தாழ 4 சதவீதம் குறைந்துவிட்டது. 45 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் 18 சதவீதம் குறையும். தண்ணீரைப் பிழிந்து எடுப்பதற்கும் அதைக் கொதிக்கவைத்து விரட்டுவதற்கும் செலவாகும் சக்தியில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆகவே ஸ்டீமை மிச்சப்படுத்தப் பெரிய இடம் என் பாய்லர் வீட்டில் இல்லை, 100 மீட்டர் தள்ளி பிரஸ் பகுதியில் இருந்தது. அங்கே ரோலரோடு ஓடுகிற கம்பளி விரிப்பு, ஃபெல்ட் என்போம், அழுக்கேறி அடைத்துக்கொண்டால் பிழிவது குறையும். அதைக் காலத்தில் மாற்றினால் ஸ்டீம் மிச்சம். ஆனால் ஃபெல்ட் செலவு ஒருவர் கணக்கில், ஸ்டீம் செலவு இன்னொருவர் கணக்கில். ஃபெல்ட்டை இன்னும் பத்து நாள் இழுத்து ஓட்டியவருக்குப் பாராட்டு கிடைத்தது. அந்தப் பத்து நாளும் கூடுதலாக எரிந்த நிலக்கரிக்குக் கணக்கு என் பெயரில் ஏறியது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் முன்னால் வைத்த கணக்கு அப்படி.

மோட்டார், பம்ப் பக்கம் நான் நிபுணன் இல்லை, ஆனால் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விட முடியாது. தொழிற்சாலைகள் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் மோட்டார்கள் வழியாகத்தான் போகிறது. பெரிய பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, எதிரே வால்வைப் பாதி மூடி ஓட்டத்தைக் குறைப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே பிரேக் போடுகிற மாதிரி அது. குழாயின் உராய்வு மட்டுமே சுமையாக இருக்கும் இடத்தில் வேகத்தை 80 சதவீதத்துக்குக் குறைத்தால் தேவைப்படும் சக்தி பாதியாகிவிடும், சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் (0.8 × 0.8 × 0.8) இறங்குவதால். தண்ணீரை உயரத்துக்கு ஏற்றுகிற பம்புக்கு அவ்வளவு கிடைக்காது. எங்கே எது பொருந்தும் என்று பார்த்துத்தான் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் போட்டால் பணம்தான் வீண்.

அழுத்தக் காற்று இன்னொரு பெரிய ஓட்டை. ஆலைக்குள் இருப்பவற்றிலேயே விலை உயர்ந்த சக்தி அதுதான், ஆனால் காற்றுதானே என்று நினைத்து அதை வைத்துத் தரையைக்கூடக் கூட்டுவார்கள். மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, 7 பார் அழுத்தத்தில், கம்ப்ரசரிடமிருந்து 3 முதல் 4 கிலோவாட் வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், இரவும் பகலும். மெஷின் ஓடும்போது அந்தச் சத்தம் காதில் விழாது. வருடாந்தர ஷட்டவுன் சமயத்தில், எல்லாம் நின்ற பிறகு, கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு ஆலைக்குள் ஒரு முறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஆலையில் நான் அப்படி நடந்த முதல் இரவில், கூரைக்குக் கீழே எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘ஸ்ஸ்’ என்று கேட்டது. யாரும் வேலை செய்யாத கட்டடம், ஒரு துண்டுக் காகிதம்கூட உற்பத்தியாகவில்லை, கம்ப்ரசர் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறது. சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக்கொண்டு சத்தம் வந்த ஒவ்வொரு இணைப்பிலும் வட்டம் போட்டோம். விடியும்போது சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது.

சூட்டைப் பற்றி இன்னொன்று. ஆலையின் ஒரு மூலையில் கழுவு தண்ணீரை 50 டிகிரிக்குச் சூடாக்க ஸ்டீம் விட்டுக்கொண்டிருந்தோம். மறு மூலையில் 60 டிகிரியில் வெளியே வந்த சுத்தமான தண்ணீரைக் குளிரவைக்கக் கூலிங் டவரில் விசிறி ஓடியது. ஒரு பக்கம் சுடவைக்கச் செலவு, மறு பக்கம் ஆறவைக்கச் செலவு. இரண்டு மூலைகளும் இரண்டு இலாகாக்கள். இரண்டு வரைபடங்களும் இரண்டு அலமாரிகளில் இருந்தன. ஒரே மேஜையில் அவற்றை விரித்துப் பார்க்க ஒருவருக்கும் வேளை வரவில்லை. 1970-களின் பெட்ரோலிய நெருக்கடிக்குப் பிறகு, அந்தப் பத்தாண்டின் கடைசியில், போடோ லின்ஹாஃப் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதற்கென்றே ஒரு முறையை வளர்த்தெடுத்தார்கள். ஆலையில் சூடு வேண்டும் என்பவை எல்லாவற்றையும் ஒரு கோட்டிலும், சூட்டைக் கழிக்க வேண்டும் என்பவை எல்லாவற்றையும் இன்னொரு கோட்டிலும், வெப்பநிலை வாரியாக வரைந்து, இரண்டும் எங்கே நெருங்குகின்றன என்று பார்ப்பது. அந்த நெருக்கத்தைப் ‘பிஞ்ச்’ என்பார்கள். அதற்கு மேலே இருக்கும் சூட்டைக் கீழே வீணாக்காதே, கீழே வெளியிலிருந்து சூடு கொண்டுவராதே என்பது விதி. ரசாயன ஆலைகளில் இது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. எங்களுக்கு அவ்வளவு பெரிய கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு வெப்பப் பரிமாற்றியும் கொஞ்சம் குழாயும் போதுமாக இருந்தன. அதற்கு ஒப்புதல் கிடைக்க நான்கு வருடம் ஆனது.

எவ்வளவு குறைக்க முடியும் என்று வாசகர்கள் கேட்கலாம். இயற்கை போட்ட ஓர் எல்லை இருக்கிறது, அதற்குக் கீழே யாராலும் போக முடியாது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1,450 டிகிரி வரை சுட்டு ஒரு டன் சிமெண்ட் கிளிங்கர் (அரைத்தால் சிமெண்டாகும் கட்டிகள்) ஆக்க, வேதிவினைக்கு மட்டும் ஏறத்தாழ 1.75 கிகாஜூல் வெப்பம் கட்டாயம் வேண்டும். பழைய ஈர முறைச் சூளைகள் 5, 6 கிகாஜூல் தின்றன, குழம்பில் இருந்த தண்ணீரை விரட்டுவதற்கே அதில் கணிசமான பங்கு போய்விடும். இன்றைய மிகச் சிறந்த சூளைகள் 3 கிகாஜூல் வாக்கில் நிற்கின்றன. மேலேறும் சூடான புகையில் பச்சை மாவைத் தூவிவிட்டு, அது கீழே இறங்குவதற்குள் சூடேற்றிவிடும் கோபுரங்கள் வந்ததால் கிடைத்த வித்தியாசம் அது. அலுமினியத்தில் ஒரு கிலோவுக்கு 13 முதல் 15 யூனிட் மின்சாரம் ஆகிறது. எல்லையோ 6 யூனிட்டுக்குச் சற்று மேலே. அதையே பழைய அலுமினியத்தை உருக்கி எடுத்தால் 5 சதவீதச் சக்தி போதும். இந்தத் தொழில்களில் பெரிய தொழில்நுட்பம்தான் பெரிய மாற்றத்தைக் கொடுத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மிகச் சிறந்த சூளையைக் கட்டிவிட்டு, அதன் சந்துகளில் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுவதைக் கவனிக்காமல் விட்டால், கட்டியபோது கிடைத்த எண் ஐந்து வருடத்தில் கிடைக்காது. புது இயந்திரமும் ஒரு நாள் பழைய இயந்திரம் ஆகும். அப்போது அதன் பக்கத்தில் நிற்கப்போவது என்னைப் போன்ற ஷிப்ட்காரன்தான்.

சரி, சத்தம் போடாத பழுதை எப்படிச் சத்தம் போடவைப்பது? எனக்குத் தெரிந்த ஒரே வழி, அதற்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை வேலை நடக்கும் இடத்திலேயே தொங்கவிடுவது. எங்கள் ஆலையில் எரிபொருள் செலவு மாதத்துக்கு ஒரு முறை கணக்குப் பிரிவுக்குப் போகும். எங்களுக்குத் தெரியும்போது அடுத்த மாதம் பாதி ஓடியிருக்கும். எந்த நாள், எந்த ஷிப்ட், எந்த வால்வு என்று அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? பயிற்சிக்கு வந்திருந்த ஒரு இளம் பெண் பொறியாளர்தான் இதை மாற்றினார். ஒவ்வொரு நாளும் எத்தனை டன் காகிதம், எத்தனை டன் ஸ்டீம் என்று லாக் ஷீட்டிலிருந்து எடுத்து, வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். மூன்று மாதப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு இழுத்து என்னிடம் காட்டினார். “சார், காகிதம் பூஜ்யம் ஆனா ஸ்டீமும் பூஜ்யம் ஆகணும் இல்லையா? இங்க பாருங்க” என்றார். கோடு பூஜ்யத்தில் போய் முடியவில்லை. ஒரு தாள்கூட உற்பத்தியாகாத நாளிலும், முழு உற்பத்தி நாளில் ஆகும் ஸ்டீமில் ஏறத்தாழ கால் பங்கு ஆகும் என்று அந்தக் கோடு சொன்னது. அந்தக் கால் பங்குக்குள்தான் என் 43 டிராப், திறந்து கிடந்த குழாய்கள், சும்மா சூடாகிக்கொண்டிருந்த டேங்குகள் எல்லாம் ஒளிந்திருந்தன. அத்தனை வருட அனுபவத்தில் நான் பார்க்காததை அந்தப் பெண் ஒரு பென்சிலால் காட்டினார். இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஒரு கரும்பலகை வைத்தோம். ஒரு டன் காகிதத்துக்கு எத்தனை டன் ஸ்டீம் என்று ஷிப்ட் வாரியாக எழுதினோம். முதல் மாதமே எண் இறங்கியது. இரண்டாவது மாதம் ஒரு விபரீதமும் வந்தது. பாய்லர் குழாய்களில் படியும் கரியை ஸ்டீமால் ஊதித் தள்ளுவது அன்றாட வேலை. அதற்கு ஸ்டீம் செலவாகும். தங்கள் எண் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரு ஷிப்ட் அதைச் செய்யாமல் அடுத்த ஷிப்ட்டுக்குத் தள்ளியது, அடுத்தது அதற்கு அடுத்ததற்கு. மூன்றாவது நாள் புகைபோக்கியில் சூடு ஏறிவிட்டது. ஆட்களைத் திட்டிப் பயனில்லை என்று புரிந்தது. எண்ணை மாற்றினேன். ஷிப்ட் எண்ணை எடுத்துவிட்டு ஏழு நாள் சராசரியை எழுதினோம், பக்கத்திலேயே புகையின் வெப்பநிலையையும் எழுதினோம். அது நிலைத்தது. ஆற்றல் மேலாண்மைக்கென்று 2011-ல் ஐஎஸ்ஓ 50001 என்ற சர்வதேசத் தரநிலை வந்திருக்கிறது. அதன் சாரமும் இதுதான்: அளந்து, அடிப்படைக் கோடு போட்டு, மாற்றத்தைத் தொடர்ந்து பார்ப்பது. ஆனால் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டு, பாய்லர் வீட்டில் உடைந்த மீட்டரை அப்படியே விட்டிருக்கும் இடங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, மனதை இன்னும் உறுத்துகிற ஒன்று. முதன்மை ஸ்டீம் குழாயில் ஒரு வால்வின் கேஸ்கட் மாற்ற, மேலே சுற்றியிருந்த இன்சுலேஷனைப் பிய்த்தார்கள். வேலை முடிந்தது, இன்சுலேஷனைத் திரும்பச் சுற்றவில்லை. 175 டிகிரி ஸ்டீம் ஓடும் நான்கு அங்குலக் குழாய் திறந்து கிடந்தால் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட் வெப்பம் போகும். திறந்து கிடக்கும் வால்வு ஒன்றே அந்த ஒரு மீட்டருக்குச் சமம். அறையின் நடுவில் ஒரு கிலோவாட் ஹீட்டரைப் போட்டு, வருடம் முழுவதும் அணைக்காமல் விட்ட மாதிரி. அப்படி 60-க்கும் மேற்பட்ட வால்வுகள், ஃபிளேஞ்ச்கள் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வளையங்கள்). கழற்றி மாட்டக்கூடிய மெத்தை உறை தைத்து வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். உற்பத்திக்குச் சம்பந்தமில்லாத செலவு என்று கோப்பு திரும்பி வந்தது. மறு வருடமும் எழுதினேன், மறுபடி திரும்பியது. ஒரு வருடத்துக்குள் போட்ட பணத்தைத் திருப்பித் தரக்கூடிய வேலை அது, கணக்கோடுதான் கொடுத்திருந்தேன். அதே சமயத்தில் உற்பத்தியைக் கூட்டும் என்று சொன்ன இயந்திரம், பணம் திரும்ப ஏழு வருடம் ஆகும் என்று தெரிந்தும், ஒரே கூட்டத்தில் ஒப்புதல் பெற்றது.

ஆறாவது வருடம் ஒரு இரவு ஷிப்ட்டில், ஏணியில் ஏறிய ஹெல்பர் பையன் ஒருவன் கால் தடுமாறி, பிடிமானத்துக்காக அந்தத் திறந்த ஃபிளேஞ்சைக் கட்டிப்பிடித்துவிட்டான். முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் உரிந்துபோனது. நான்தான் அவனைத் தாங்கிக்கொண்டு இறங்கினேன். ஒரே வாரத்தில் எல்லா வால்வுகளுக்கும் உறை வந்துவிட்டது, பாதுகாப்புச் செலவு என்ற தலைப்பில். ஆறு வருடம் சூடாகவே போய்க்கொண்டிருந்த அந்த வெப்பம், ஒரு பையனின் கையைச் சுட்ட பிறகுதான் ஒருவர் கண்ணில் பட்டது. அந்த மாதம் பலகையில் எண் இறங்கியது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. இன்னொருவரை எழுதச் சொன்னேன்.

உலகத்தில் பயன்படுத்தப்படும் எரிசக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது. இனி உங்கள் நிருபர்கள் எந்த ஆலையைப் பற்றி எழுதப் போனாலும், புதிதாக என்ன நிறுவப்போகிறீர்கள் என்று கேட்பதோடு இன்னும் சில கேள்விகளையும் கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உற்பத்தி நின்றிருந்த கடைசி நாளில் மீட்டர் எவ்வளவு ஓடியது? ஸ்டீம் டிராப்களைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள், எத்தனை கெட்டிருந்தன? ஒரு டன்னுக்கு ஆகும் எரிசக்தியை இந்த ஷிப்ட்டில் வேலை செய்கிற ஆள் எந்த இடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வார்? முடிந்தால் அதிகாரியிடம் கேட்ட அதே கேள்விகளைப் பாய்லர் வீட்டில் நிற்பவரிடமும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர் பொறுப்பாளர்